சோற்றின் நிறமும் சோற்றுக் கடனும்

ரவாங் நகரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே செய்தியைக் கொண்டுதான் தொடங்குகின்றனர். லோக் இயூ என்னும் சீனச் செல்வரும் கா. தம்புசாமிப் பிள்ளை என்னும் தமிழ்ச் செல்வரும் கூட்டாக நடத்திய ஈயச் சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டில் மின்சார யந்திரம் நிறுவப்பெற்றது. மலாய் நாட்டில் மின்சாரம் முதன்முதல் தொழிலுக்குப் பயன்பட்ட இடம் ரவாங்கே என்பது அச்செய்தி. அது மெய்யே, அதில் ஒரு தமிழருக்குப் பங்குண்டு என்பதும் மெய்யே. ஆண்டுதோறும் அதைச் சொல்லி மகிழ்வோரை நாம் தடுக்க வரவில்லை.

ஆனால், ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த யந்திரத்தைச் சுற்றி நின்று மண் வெட்டியவர்கள் எதை உண்டார்கள்? அந்த அரிசி எந்த நாட்டு வயலில் விளைந்தது? எந்த ஆலையில் தீட்டப்பட்டது? எவருடைய கிடங்கில் அடுக்கப்பட்டது? எந்த விலைக்கு எவருடைய பெயரில் பற்றெழுதப்பட்டது? இக்கேள்விகளுக்கு நம்மவர் எழுதிய ஊர்ச் சரித்திரங்களில் விடை தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். விளக்கு எரிந்த நாள் நமக்குத் தெரியும்; உலை எரிந்த கதை தெரியாது. கொடுத்தவர் பெயர் கல்லிலே உண்டு. தின்றவர் பட்ட கடன் எங்கும் இல்லை.

இது வெறும் மறதி என்று நாம் கருதவில்லை. சோற்றின் சரித்திரத்தைப் பேசினால் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டுவிடும். ஒன்று, களஞ்சியத்தின் திறவுகோலை வைத்திருந்தவன் உழைப்பவனுடைய கூலியையும் தன் கையில் வைத்திருந்தான் என்பது. மற்றொன்று, ஆலை வெண்மையாக்கிக் கொடுத்ததையெல்லாம் உயர்வென்று நம்பி உண்ட மக்கள் அந்நம்பிக்கைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தனர் என்பது. இவ்விரண்டையும் இங்கே எடுத்துரைப்போம்.

முதலில் களஞ்சியத்தைப் பார்ப்போம். கோலாலம்பூர் என்னும் நகரம் பிறந்த விதமே இதற்குச் சான்று. 1857-ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்த ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே மேலே அனுப்பி அம்பாங்கில் ஈயம் தேடச் செய்தார். ஒரு மாதத்திற்குள் காட்டுக் காய்ச்சலால் 18 பேர் தவிர மற்றவரெல்லாம் மாண்டனர். பின்னரும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு அரிசியும் எண்ணெயும் கருவாடும் விற்பதற்காக லுக்குட்டிலிருந்து வந்த ஹியூ சியூ என்னும் வணிகரும் அவருடைய கூட்டாளியும் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் கடை போட்டனர். படகு அதற்கு மேல் ஏற இயலாத இடம் அது. அந்தக் கடையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பே பிற்காலத் தலைநகர். அரண்மனையும் கோட்டையும் தோன்றுமுன் அங்கே தோன்றியது மளிகைக் கடை! அக்கடைக்காரரே அவ்வூர்ச் சீனர்களின் முதற் கப்பித்தானாகவும் ஆனார். பலசரக்கு விற்றவர் ஊர்த்தலைவரானது தற்செயலன்று. சோறு யாரிடம் உண்டோ அவரிடமே சொல்லும் செல்லும்.

சுரங்க முதலீடு என்பது அந்நாளில் பெரும்பகுதி அரிசி மூட்டையாகவே இருந்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்த முதலாளிகள் உள்நாட்டுத் தவுக்கைகளுக்கு முன்பணம் கொடுப்பர். அதைத் தவுக்கை சுரங்கம் நடத்துவோனுக்கு அரிசி, எண்ணெய், அபின், சாராயம் ஆகிய சரக்குகளாகக் கொடுப்பான். சுரங்கம் நடத்துவோன் அவற்றைக் கூலியாளின் கணக்கில் சந்தை விலைக்கு மேல் விலைவைத்துப் பற்றெழுதுவான். ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்து கணக்குத் தீர்க்கும்போது, வெட்டிய மண்ணுக்குரிய கூலியைத் தின்ற சோறும் புகைத்த அபினும் விழுங்கியிருக்கும். ஈயத்தின் விலை சரிந்து சுரங்கம் நட்டத்தில் ஓடிய காலத்திலும் சரக்குக் கொடுத்தவன் பிழைத்துக்கொண்டான். சுரங்கத்தின் உண்மையான வருமானம் பூமியின் அடியில் இருந்ததைவிடக் கடையின் அலமாரியில் இருந்தது என்றே சொல்லலாம். லோக் இயூவேகூடச் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் சிறுவனாக வேலைக்கமர்ந்து, பின்னர்ப் பேராக்கில் 1875-76 ஆண்டுகளின் போரின்போது படைகளுக்கு உணவுப்பொருள் வழங்கித் தலையெடுத்தவர்தாம். அவருடைய ஊக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்நாட்டில் செல்வத்தின் ஊற்று எங்கே இருந்தது என்பதைச் சுட்டிக்காட்டுகிறோம்.

ஆலையும் அப்படியே. கோலாலம்பூரில் இன்று பெத்தாலிங் தெரு என்று வழங்கும் தெருவைச் சீனர்கள் ‘மாவு ஆலைத் தெரு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். யாப் ஆ லோய் அங்கு நடத்திய மரவள்ளி மாவு ஆலையே காரணம். ஆட்சிக்காரர் எழுதிய பலகையில் அந்த ஆலை மறைந்துபோயிற்று. மக்கள் வாயில் மறையவில்லை. இத்தகைய பெயர்களைத் தொகுத்தாலே நம் சிறு நகரங்களின் உண்மைச் சரித்திரத்தில் பாதி கிடைத்துவிடும்.

1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. 1890-களில் இருப்புப்பாதை ரவாங்கைத் தொட்டு வடக்கே நீண்டது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. போகும் வண்டியில் ஈயம். வரும் வண்டியில் அரிசி. நூற்றாண்டு திரும்பியபின் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களைக் கொண்டுவந்தனர். பல தோட்டங்களில் நிர்வாகமே அரிசியை மொத்தமாக வாங்கித் தொழிலாளிக்கு அளந்து கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டது. மற்றச் சாமான்களுக்குக் கங்காணியின் கடையோ நகரத்துக் கடையோ கதி. தலைக்கட்டுக்கு ஒரு சிறு நோட்டு; அதில் மாதம் முழுதும் பற்று; சம்பளத்தன்று வரவு; மறுநாள் மீண்டும் பற்று. எழுதப்படிக்கத் தெரியாதவன் தன் நோட்டில் ஏறியிருப்பது அரிசியா ஆகாயமா என்று எவ்வாறு அறிவான்? எண்ணறியாத் தொழிலாளிக்கு அந்த நோட்டே விதி எழுதிய ஏடாயிற்று. உண்மையில் அதை எழுதியது பேனா பிடித்த ஒரு மனிதக் கைதான்.

இங்கே நம்மை மறிப்போர் உண்டு. ‘கடைக்காரன் கடன் கொடுத்திராவிட்டால் தொழிலாளி பட்டினி கிடந்திருப்பானே! கடன் கொடுத்தவனைக் கள்வன் என்பதா?’ என்று அவர்கள் கேட்பர். கடைக்காரர் அனைவரையும் நாம் கள்வர் என்னவில்லை. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், எஞ்சியிருந்தோருக்குத் தவணை பாராமல் அரிசி அளந்த சிறு வணிகர் இருந்திருப்பர். அவர்களிற் சிலர் அதனாலேயே கடையை இழந்தும் இருப்பர். நாம் குறை கூறுவது ஒரு மனிதனின் குணத்தையன்று, ஓர் ஏற்பாட்டை. இரக்கமுள்ளவன் கையில் சிக்கினால் பிழைப்பு, இரக்கமற்றவன் கையில் சிக்கினால் அடிமைத்தனம் என்று இருக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடாகாது. உணவு என்பது மற்றொருவன் மனமிரங்கித் தரும் பொருளாக இருக்கும்வரை, உண்பவன் தலை நிமிர இயலாது. தொழிலாளிகளே இதை உணர்ந்திருந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, கூலி உயர்வோடும் மரியாதையான நடத்தையோடும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் அவர்கள் கோரினர். தம்மைத் தின்னும் கடை எது என்பதை அவர்களுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நிற்க. அரிசி வந்த நாட்டையும் மறக்கலாகாது. போருக்கு முந்திய மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிற்று. பர்மாவின் நெல் வயல்களில் கடன் கொடுத்தவர் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். நெல் விலை வீழ்ந்தபோது கடன் திரும்பவில்லை, நிலங்கள் திரும்பின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஆகவே, பர்மிய உழவன் தமிழ் முதலுக்குக் கடன்பட்டு விளைத்த நெல், மலாயாவில் தமிழ்த் தொழிலாளியின் கடன் நோட்டில் அரிசியாக ஏறிற்று. இரு முனையிலும் தமிழ். இரு முனையிலும் கடன்! இனப்பெருமை பேசுவோர் இதில் எந்த முனையைத் தம்முடையதென்று கொள்வர்?

இனி, ஆலையின் வெண்மையைப் பற்றிப் பேசுவோம். நீராவி ஆலைகள் வருமுன் நெல் உரலில் குத்தப்பட்டது. 1858-இல் பாங்காக்கில் நீராவி அரிசி ஆலை தோன்றியது. சில ஆண்டுகளில் இரங்கூனிலும் ஆலைகள் எழுந்தன. இவை உமியை மட்டும் நீக்கி நிற்கவில்லை. தவிட்டையும் முளையையும் உரித்தெறிந்து, அரிசியை முத்துப்போலத் தீட்டித் தந்தன. தீட்டிய அரிசி நெடுநாள் கெடாது, கப்பலிலும் கிடங்கிலும் கிடக்கும், கண்ணுக்கும் அழகு. வணிகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உண்பவனும் வெண்மையே தூய்மை, வெண்மையே செல்வம் என்று நம்பினான்.

அந்நம்பிக்கையின் பயனை மலாய் நாட்டு மருத்துவமனைகள் கண்டன. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து சாகச் செய்யும் பெரிபெரி என்னும் நோய் சீனச் சுரங்கத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் கொன்றது. அதே ஊரில், அதே காற்றில், அதே தண்ணீரைக் குடித்த தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. கிராமத்து மலாய்க்காரரிடமும் அவ்வாறே. சிரம்பானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இந்த வேற்றுமையை உற்று நோக்கினார். மலாய்க்காரர் வீட்டில் அப்போதைக்கப்போது குத்திய அரிசியை உண்டனர். தமிழர் புழுங்கல் அரிசியை உண்டனர். சீனர் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டனர். நோயின் வேர் அரிசியில் இருக்கிறது என்று 1907-இல் அவர் நூல் எழுதினார். காரணத்தை அரிசியில் தோன்றும் ஒருவகை நஞ்சு என்று அவர் கருதியது பிழையாயினும், சுட்டிய இடம் சரியானதே.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெச்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினர் ஒருபுறம், இரட்டைப்படை எண்ணினர் மறுபுறம் என்று பிரித்து, ஒரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் மற்றொரு பிரிவினருக்குச் சயாம் பச்சரிசியும் கொடுத்தார். இடத்தின் தோஷமோ என்று ஐயுற்று நடுவில் இரு பிரிவினரின் கட்டிடங்களையும் மாற்றிப் பார்த்தார். நோய் கட்டிடத்தைத் தொடரவில்லை, அரிசியைத் தொடர்ந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவர். அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள்.

இந்தச் சோதனை மருத்துவ உலகிற்குப் பெரிய ஒளியாயிற்று. ஆனால், இந்த 18 பேரை எண்ணிப் பாருங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லவும் வகையற்ற மனநோயாளிகள் அவர்கள். அறிவு வளர்ந்தது, அதற்குரிய விலையைக் கொடுத்தவர் கல்வெட்டிலும் இல்லை, கணக்கிலும் இல்லை. இன்று அவ்வாறு ஒரு சோதனையை எந்த நாட்டு நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அறிவியலைப் போற்றும் நாம் இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் காட்டினூடே சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 சாவகத் தொழிலாளரிடையே இதே உண்மையை உறுதிப்படுத்தி, 1909-இல் வெளியிட்டனர். அரிசியில் நஞ்சு ஏதுமில்லை, தீட்டும்போது போய்விடும் தவிட்டில்தான் உயிர்காக்கும் சத்து இருக்கிறது என்று அவர்கள் காட்டினர். டச்சுக்காரராண்ட சாவகத் தீவில் ஐக்மனும் கிரைன்சும் கோழிகளைக் கொண்டு இதற்கு முன்பே வழி திறந்திருந்தனர். 1910-இல் மணிலாவில் கூடிய கீழ்நாட்டு மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியை இடைவிடாது உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானித்தது. 1926-இல் அச்சத்து சாவகத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதைத் தயமின் என்றும் பி1 உயிர்ச்சத்து என்றும் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கின்றனர்.

புழுங்கலரிசி எவ்வாறு காத்தது? நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிப் பதிகிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளேயே நின்றுவிடுகிறது. இவ்வளவுதான். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இவ்விடத்தில் இரண்டு கூட்டத்தாரோடு நமக்கு வழக்குண்டு.

முதற் கூட்டத்தார், ‘பார்த்தீர்களா! நம் முன்னோர் உயிர்ச்சத்தின் இரகசியத்தை அன்றே அறிந்திருந்தனர்’ என்று தோள் தட்டுவோர். முன்னோர் நெல்லைப் புழுக்கியது பி1 சத்தைக் கருதியன்று. புழுக்கிய நெல் குத்தும்போது எளிதில் உடையாது. அரிசி கூடுதலாகத் தேறும். பூச்சியும் எளிதில் அணுகாது. இவை உழவன் கண்ணாரக் கண்ட நன்மைகள். அந்த உழைப்பறிவைப் போற்றுவோம். ஆனால், அவன் அறியாததை அவன்மீது ஏற்றிப் பொய்ப்பெருமை பேசவேண்டாம். மேலும், அதே புழுங்கற் சோற்றை உண்ட தமிழர் தோட்டங்களில் கூட்டங்கூட்டமாகச் செத்ததையும் மறக்கலாமா? அவர்களைக் கொன்றது மலேரியா, கொக்கிப்புழு, இரத்தசோகை. 1901 முதல் கிள்ளான் பகுதியில் சதுப்பை வடித்தும் நீர்த்தேக்கங்களை ஒழித்தும் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கொசுவை அடக்கினார், காய்ச்சல் தணிந்தது. வழக்கம் ஒரு நோயிலிருந்து காத்தது. மற்ற நோய்களுக்கு வழக்கம் கைகொடுக்கவில்லை, ஆராய்ச்சியே கைகொடுத்தது. நன்மை தரும் வழக்கத்தையும் ஏன் நன்மை தருகிறதென்று ஆராய்ந்து கொள்வதே அறிவுடைமை. இல்லையேல், நாளை யாரேனும் பளபளப்பாக வேறொன்றைக் காட்டினால் அதையும் நழுவவிட்டுவிடுவோம்.

நழுவவிட்டுத்தான் விட்டோம்! இரண்டாம் கூட்டத்தார் அவர்களே. புழுங்கலரிசி கூலிக்காரன் சோறு, பச்சரிசி பெரிய மனிதன் சோறு என்று சாதியைச் சோற்றுக்குள்ளும் புகுத்தியவர்கள். இந்த நோய் தமிழ்நாட்டிலேயே முளைத்தது. பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசியே ‘சுத்தம்’. ஒருமுறை வெந்த நெல் ‘எச்சில்’ போன்றது என்று விதித்தவர் உளர். மலாய் நாட்டிற்குக் கப்பலேறியபோது ஊரையும் உறவையும் விட்டுவந்தவர்கள் இந்த அளவுகோலை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தனர். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவன், கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் மாற்றியது சோற்றின் நிறத்தை! தமிழ் பேசுவோர் மிகுந்த மாவட்டங்களில் பெரிபெரி அரிதாக இருக்க, பழைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட தெலுங்கு மாவட்டங்களில் அந்நோய் நிலைத்திருந்தது என்பதைக் குன்னூர் ஆராய்ச்சிச்சாலையினர் எடுத்துக்காட்டினர். 1934-இல் வார்தாவில் தோன்றிய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் சார்பில் தஞ்சைத் தமிழரான ஜே. சி. குமரப்பா ஆலையரிசிக்கு எதிராகக் கைக்குத்தலரிசிக்காகப் போராடினார். கேட்டவர் சிலர், சிரித்தவர் பலர்.

‘பெரிபெரி ஒழிந்துவிட்டதே, பழங்கதை எதற்கு?’ என்பர். பெரிபெரி ஒழிந்தது, வெள்ளரிசி மோகம் ஒழியவில்லை. அது வேறொரு நோயோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. மலேசிய அரசின் 2019-ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, வளர்ந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு; இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. 21 நாடுகளில் நடந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெள்ளரிசியை மிகுதியாக உண்போருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், அத்தொடர்பு தென்னாசியரிடையே வலுவாகத் தெரிகிறதென்றும் கூறிற்று. நீரிழிவுக்கு அரிசி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. சர்க்கரை கலந்த பானமும், உடலுழைப்பு குறைந்ததும், குடிவழியும் உண்டு. ஆனால், முன்பு பால்மரம் வெட்டி நாளெல்லாம் நடந்தவன் உண்ட அளவு சோற்றை, இன்று நாற்காலியிலமர்ந்து, அதைவிட வெண்மையாகத் தீட்டி உண்பதற்கு எந்த அறிவு இடம் தருகிறது? கால் இழந்தவரும் கண் மங்கியவரும் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று அவரவர் எண்ணிக்கொள்ளட்டும்.

களஞ்சியத்தின் திறவுகோல் மட்டும் நம் கைக்கு வந்துவிட்டதா? அதுவுமில்லை. 1918-இன் இறுதியில் இந்தியாவில் மழை பொய்த்தது. பர்மா அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1919-இல் சயாமும் ஏற்றுமதியை நிறுத்திற்று. மலாயாவில் அரிசி விலை மேலேறி, அரசாங்கம் 1921 வரை அரிசி வாணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் நடத்திப் பெருநட்டம் அடைந்தது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் கப்பல் நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. நூறாண்டுக்குப் பின், 2023 ஜூலையில் இந்தியா வெள்ளரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி வெள்ளரிசியின் விலை டன் ஒன்றுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ 26 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டிய உள்நாட்டு அரிசி பல கடைகளில் காணாமற் போயிற்று. தடை 2024-இல் நீங்கியது. பாடம் நீங்கலாமா? 1971-இல் அமைந்த நெல் அரிசி வாரியத்தின் பொறுப்புகள் 1990-களில் ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறின. அரிசி இறக்குமதியின் தனியுரிமையும் அதனிடமே. அவ்வுரிமை 2021-இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. முன்னாளில் ஆற்றங்கரையில் ஒரு கடை. இந்நாளில் நாட்டுக்கெல்லாம் ஒரு வாசல். வாசற்காவலன் நல்லவனா கெட்டவனா என்பதன்று கேள்வி. வாசல் ஒன்றாகவே இருக்கலாமா என்பதே கேள்வி.

ஆகவே நாம் சொல்வது இது. முதலாவது, அரிசி விற்போர் தீட்டிய அளவை உறையின்மேல் பொறிக்கவேண்டும் என்று கேட்போம். துணிக்கு நூல் கணக்குண்டு, தங்கத்துக்கு மாற்றுண்டு. உயிர் வளர்க்கும் அரிசிக்கு ஏன் அளவில்லை? இரண்டாவது, நம் திருமணப் பந்திகளிலும் கோயில் அன்னதானங்களிலும் சங்க விருந்துகளிலும் தீட்டாத அரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் இடம் தருவோம். பந்தியில் மதிப்புப் பெற்றது அடுக்களைக்கு வர நெடுநாள் ஆகாது. மூன்றாவது, பத்துக் குடும்பம் கூடி மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கூட்டுறவுப் பழக்கத்தை வளர்ப்போம். 1922-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தபின் தோட்டங்கள்தோறும் சிக்கனச் சங்கங்கள் எழுந்தன; துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்க 1960-இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். நிலத்தையே கூட்டாக வாங்கியவரின் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டையைக் கூட்டாக வாங்க இயலாதா?

நான்காவது, ரவாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பழைய கடை வீட்டுப் பரணில் கரையான் அரிக்கும் பற்று நோட்டுகளைத் தேடியெடுத்துக் காப்போம். அவற்றில் அரசர் பெயரோ வள்ளல் பெயரோ இராது. இன்ன நாளில் இன்னான் இத்தனை கட்டி அரிசி வாங்கினான், இவ்வளவு பாக்கி என்று மட்டும் இருக்கும். நம்மை உண்டாக்கியவர்களின் கையெழுத்தில்லாச் சரித்திரம் அதுவே. பெருவிரல் இரேகையால் எழுதிய சரித்திரம். மின்விளக்கின் நாளைக் கொண்டாடுவோர் அந்த விளக்கின் வெளிச்சத்திலேயே இந்த நோட்டுகளையும் ஒருமுறை விரித்துப் படிக்கட்டும். எந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்பது அப்போது விளங்கும்.